மழையையே சொல்லத் தெரியல, இதைச் சொல்லிருவாங்களா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "பல்லடம் பக்கம் எங்கள் ஊரில் பருவநிலை மாற்றம் என்று பேச்செடுத்தாலே, 'நாளைக்கு மழை வருமான்னே சொல்லத் தெரியல, அம்பது வருசம் கழிச்சு என்ன ஆகும்னு சொல்லிருவாங்களாக்கும்' என்கிறார்கள். காற்றாலைதான் மேகத்தைக் கலைக்கிறது என்கிறார் பெரியப்பா. 'தாது வருசப் பஞ்சத்துக்கு எந்தக் கார் புகை விட்டுச்சுங்க?' என்கிறார் இன்னொருவர். விஞ்ஞானிகளை எதற்காக நம்ப வேண்டும்? இவர்களுக்கு என்ன பதில் சொல்வது?"

இப்படிக் கேட்பவர்களை அறிவியலுக்கு எதிரி என்று தள்ளிவிடாதீர்கள். கொங்கு நாட்டில் அளவை நம்பாதவர்கள் குறைவு. 1992-ல் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை வந்தது. சில வருடங்களிலேயே அது சாயக் கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. அதை எதிர்த்து விவசாயிகள் நடத்திய நீண்ட வழக்கில் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்ற அளவுகள்தான் பேசின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் அந்த வழக்கில்தான். இன்றைக்கும் போர் தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பார்க்காமல் தோட்டம் வாங்குபவர்கள் அங்கே அரிது. ஆய்வக எண் மீது அந்த ஊர்களுக்கு வெறுப்பு கிடையாது.

பூமியைச் சூடாக்குவது என்று சொல்லப்படும் கரியமில வாயுவையோ பார்க்கவும் முடியாது, மோந்து பார்க்கவும் முடியாது. கையில் மீட்டரும் இல்லை. போதாததற்கு, அந்தச் சேதியைக் கொண்டு வருபவர் சில நேரம் மீத்தேன் வாயு விடுவதாக மாட்டையும் நெல்லையும் குற்றம் சொல்கிறார், சில நேரம் மரம் வளர்த்துக் கரியமில வாயுவைப் பிடித்தால் பணம் என்று கார்பன் கிரெடிட் ஒப்பந்தத்தை நீட்டுகிறார். அதனால் மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன: நாளைய மழை, பூமியின் சூடு, அதற்கு யார் என்ன செய்வது. மூன்றிலும் சந்தேகப்பட இடமுண்டு, ஆனால் ஒரே அளவில் இல்லை. ஊரில் பேசும்போது இந்த மூன்றையும் பிரித்து வைத்தாலே பாதிச் சண்டை அடங்கிவிடும்.

மழை அறிவிப்பிலிருந்து தொடங்குகிறேன், மனக்கசப்பு அங்கேதான் பிறக்கிறது. வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் வரும் சொற்கள் அலங்காரத்துக்கு எழுதியவை அல்ல, ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்வாசி வரை. "ஒரு சில இடங்களில்" என்றால் கால்வாசிக்கு மேல், பாதி வரை. "பெரும்பாலான இடங்களில்" என்றால் முக்கால்வாசிக்கு மேல். அதிலும், 24 மணி நேரத்தில் 2.5 மி.மீ. பெய்தால்தான் அதை மழை நாள் என்றே எடுத்துக்கொள்வார்கள். "கனமழை" என்ற சொல்லுக்கு 64.5 மி.மீ. எட்ட வேண்டும்.

இப்போது "கோவை, திருப்பூர் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் மழைக்கு வாய்ப்பு" என்ற வரியைத் திரும்பப் படியுங்கள். நான்கில் மூன்று இடம் காய்ந்து கிடந்தாலும் அந்த அறிவிப்பு சரிதான். ஆனால் தொலைக்காட்சியின் அடியில் ஓடும் வரியில் "ஓரிரு இடங்களில்" கழன்றுபோய், "கோவை, திருப்பூரில் மழை" என்று மட்டும் வருகிறது. அதை நம்பிக் காய்ந்த கடலைக்கொடியை அவசரமாக அள்ளிப் போட்டவருக்குக் கோபம் வருவது நியாயம். அந்தக் கோபம் கணித்தவரைவிட, சொல்லை வெட்டிக் கொடுத்தவரைச் சேர வேண்டியது.

அடுத்தது, நாளைய மழையைச் சொல்ல முடியாதபோது ஐம்பது வருடத்தை எப்படிச் சொல்வது என்பது. இதற்கு நாமக்கல் கோழிப் பண்ணையைவிட நல்ல விளக்கம் இல்லை. பத்தாயிரம் முட்டைக் கோழி இருக்கும் கொட்டகையில், மூன்றாவது வரிசைக் கூண்டில் இருக்கும் இந்தக் கோழி நாளைக்கு முட்டை வைக்குமா என்று எந்தப் பண்ணைக்காரராலும் சொல்ல முடியாது. ஆனால் நாளைக்குக் கொட்டகையில் எத்தனை முட்டை சேரும் என்று கேட்டால், சில அட்டைகள் கூடக் குறைய அவர் சொல்லிவிடுவார், நோட்டில் தினசரி உற்பத்தி சதவீதம் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் கோழி தீவனம் எடுப்பது குறையும், முட்டை சிறுக்கும், ஓடு மெலியும் என்பதையும் மாசியிலேயே சொல்வார். எந்தக் கோழி என்பது தெரியாதது, கொட்டகை எந்தப் பக்கம் போகும் என்பதைச் சொல்லத் தடையாக இல்லை.

வானிலை என்பது அந்த ஒரு கோழி. இன்றைய காற்றையும் ஈரத்தையும் அளப்பதில் உள்ள சிறு பிழை நாளுக்கு நாள் பெருகி, ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு அப்பால் கணிப்பைக் கெடுத்துவிடும். சிறு பிழை இப்படிப் பெருகுவதை எட்வர்ட் லாரன்ஸ் என்ற அமெரிக்க வானிலை விஞ்ஞானி 1963-ல் கணக்காகவே காட்டினார். பருவநிலை என்பது கொட்டகை. பூமிக்குள் வரும் வெப்பம் எவ்வளவு, வெளியே போவது எவ்வளவு என்ற வரவு செலவு அது. கேட்கும் கேள்வியே வேறு என்பதால், ஒன்றில் தவறுவது மற்றதில் தவறுவதற்குச் சாட்சியாகாது.

"கரியமில வாயு காத்துல 0.04 சதம்தான் இருக்குது, அது என்ன பண்ணிரும்?" என்பது படித்தவர்கள் கேட்பது. திருப்பூரில் இதற்குப் பதில் சுலபம். சாயத்தைத் துணியின் எடைக்கு இத்தனை சதம் என்றுதான் போடுகிறார்கள். 100 கிலோ வெள்ளைத் துணிக்கு 0.04 சதம் என்றால் 40 கிராம் சாயம். அந்த 40 கிராமை மெஷினில் விட்டுவிட்டு, இதை வெள்ளை என்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று துணி வாங்கும் எந்த பையரிடமும் சொல்ல முடியாது. நிறத்தைப் பிடிப்பது சாயம் மட்டும்தான், மற்றதெல்லாம் சும்மா இருக்கிறது. காற்றிலும் அப்படியே. நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து 99 சதம் இருந்தாலும், தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரை அவை பிடிப்பதில்லை. பிடிப்பவை நீராவி, கரியமில வாயு, மீத்தேன் போன்ற சில மட்டுமே.

இது நேற்று யாரோ கிளப்பிவிட்டதும் அல்ல. பூமியின் காற்று வெப்பத்தைத் தடுத்து வைக்கிறது என்று பிரான்சின் ஃபூரியே 1824-ல் எழுதினார். யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1856-ல் கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்து, கரியமில வாயு நிரப்பியது அதிகம் சூடாவதைக் கண்டார். டிண்டால் 1859-ல் எந்த வாயு எவ்வளவு வெப்பக் கதிரைப் பிடிக்கிறது என்று கருவி வைத்து அளந்தார். சுவீடனின் அரீனியஸ் 1896-ல், கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். கார்பன் வரியோ சோலார் கம்பெனியோ ஐ.நா. மாநாடோ இல்லாத காலம் அது. பணத்துக்காகச் சொல்கிறார்கள் என்பவர்களிடம் இந்த நான்கு வருடங்களைச் சொல்லுங்கள்.

வாயு கூடியிருக்கிறதா என்பதற்கு ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமேல் 1958-ல் சார்லஸ் கீலிங் தொடங்கிய அளவு இருக்கிறது. அப்போது பத்து லட்சம் பங்கு காற்றில் 315 பங்குக்கு அருகில் இருந்தது, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. தொழிற்சாலைக் காலத்துக்கு முன் ஏறக்குறைய 280. கூடியது நம் நிலக்கரியும் எண்ணெயும்தானா என்றால், அதற்கு அடையாளம் உண்டு. உயிருள்ள மரம் செடிகளில் கார்பன்-14 என்ற வகை சிறிதளவு இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டு மண்ணுக்குள் கிடந்த கரியில் அது தேய்ந்து தீர்ந்துபோயிருக்கும். எரிபொருள் எரிய எரிய, காற்றில் அந்த வகையின் பங்கு நீர்த்துப் போவது அளவில் தெரிகிறது.

என்னைக் கேட்டால் எல்லாச் சான்றிலும் உறுதியானது இதுதான்: தரைப்பக்கம் சூடாகிறது, அதே காலத்தில் 20 கிலோமீட்டருக்கு மேலே உள்ள காற்று குளிர்ந்துகொண்டு வருகிறது. சூரியன் சூடு கூட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்து சூடாகியிருக்க வேண்டும். மார்கழி ராத்திரியில் கம்பளி போர்த்தியவருக்கு உள்ளே கதகதப்பு, கம்பளியின் வெளிப்பக்கம் சில்லென்று இருக்கும். உள்ளிருக்கும் சூடு வெளியே போகாததால்தான் அந்தச் சில்லிப்பு. பூமிக்கு நடப்பதும் ஏறக்குறைய அதுதான்.

தாது வருடத்துக்கு வருவோம். 1876 முதல் 1878 வரையான அந்தப் பஞ்சத்துக்குப் பின்னால் பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ மிக வலுவாக இருந்தது. பெய்யாத மழையின் மேல் அன்றைய ஆட்சியின் தானிய ஏற்றுமதியும் சேர்ந்து ஜனத்தைக் கொன்றது. காருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதை அப்படியே ஒத்துக்கொள்ளுங்கள். பிறகு கிணற்றைப் பற்றிக் கேளுங்கள். அந்தக் காலத்திலும் கிணறு மழைக்கு ஏறும், கோடைக்கு இறங்கும், சில வருடம் வறண்டும் போகும். ஊர் முழுக்க ஆயிரம் அடிக்குப் போர் போட்டபின் மட்டம் அடியோடு கீழே போனதை, "அப்பவும் வறண்டுதானே கிடந்துச்சு" என்று யாரும் மறுப்பதில்லை. ஏற்ற இறக்கம் தானாக வருவது, அடிமட்டம் நகர்ந்தது நம்மால். எல் நினோ இன்னும் வரும், ஆனால் இனி அது ஏற்கெனவே சூடேறிய பூமியின் மேல் வருகிறது.

காற்றாலை விஷயத்தில் பெரியப்பா பார்த்தது பொய் இல்லை, முடிச்சுப் போட்டதுதான் தவறு. உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் காற்றாலைகளைக் கொண்டுவந்து நட்டதற்கே காரணம், பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அங்கே பாய்வதுதான். அந்தக் காற்று தன் மழையை மலைக்கு மேற்கே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் காய்ந்து வருகிறது. மேகம் தலைக்கு மேல் ஓடும், பெய்யாது. ராட்டை சுற்றும் இடமும் மழை மறைவு இடமும் ஒன்றாக அமைந்தது அதனால்தான். காற்றாலையின் உயரம் 100 மீட்டரை ஒட்டி இருக்கும், மழை மேகமோ பல கிலோமீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும். பெரிய காற்றாலைத் தொகுதிக்கு அடியில் இரவுக் காற்று கலக்கப்பட்டுத் தரை கொஞ்சம் கதகதப்பாக இருப்பதை மட்டும் அளந்திருக்கிறார்கள்.

விஞ்ஞானிகள் தவறே செய்யவில்லையா? செய்திருக்கிறார்கள், அதை மறைத்துப் பேசினால் நம் மேல்தான் நம்பிக்கை போகும். பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு, அதாவது ஐபிசிசி, 2007 அறிக்கையின் ஆசியா பற்றிய அத்தியாயத்தில் இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்று எழுதியது. ஆய்வு வழியாக வராத ஒரு வரி அது. இந்தியப் பனியாற்று நிபுணர் வி.கே. ரைனா 2009-ல் மாற்றுக் கருத்தை வைத்தபோது, குழுவின் தலைவராக இருந்த பச்சௌரி அதைக் கேலி செய்து ஒதுக்கினார். 2010 ஜனவரியில் குழு தவறை ஒத்துக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. பனியாறு உருகுவது உண்மை, 2035 என்ற கெடு பொய். பிழையைவிட அந்தக் கேலிதான் நம்பிக்கைக்கு அதிகக் கேடு செய்தது என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. பூமி சூடாகவே இல்லை என்பதற்கு 1990-களில் அமெரிக்காவின் அலபாமாக் குழு ஒன்றின் செயற்கைக்கோள் கணக்கைக் காட்டினார்கள். செயற்கைக்கோள் மெல்லத் தாழ்ந்துகொண்டே வந்ததும், ஓர் இடத்தைக் கடக்கும் நேரம் தள்ளிக்கொண்டே போனதும் அந்தக் கணக்கில் சரியாகச் சேரவில்லை என்று 1998-லும் 2005-லும் வேறு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். திருத்தியதும் சூடு தெரிந்தது. "ஊரெல்லாம் கான்கிரீட், தெர்மாமீட்டர் அதைத்தான் காட்டுது" என்ற சந்தேகத்தையும் ஒருவர் சோதித்திருக்கிறார். கலிபோர்னியாவின் ரிச்சர்ட் முல்லர் என்ற இயற்பியல் பேராசிரியர், இந்த அளவுகளை நம்பாமல், எண்ணெய்த் தொழிலில் இருக்கும் கோக் குடும்ப அறக்கட்டளையின் பணத்தையும் வாங்கி, உலக நிலையங்களின் பதிவுகளை முதலிலிருந்து கணக்கிட்டார். நகரச் சூட்டைப் பிரித்துப் பார்த்தும் பூமி சூடாவது உண்மை, காரணம் ஏறக்குறைய முழுக்க மனிதர்தான் என்று 2012-ல் அவரே எழுதினார். சந்தேகம் என்றால் இப்படி அளந்து முடிக்கும் சந்தேகமாக இருக்க வேண்டும்.

நம் நாட்டிலேயே அதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது. இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்குச் சுமார் 3.8 கோடி டன் மீத்தேன் விடுகின்றன என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை மதிப்பிட்டிருந்தது. தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா தலைமையில் 1991-ல் பல மாநில வயல்களில் பெட்டி கவிழ்த்து வாயுவைப் பிடித்து அளந்தார்கள். வந்தது சுமார் 40 லட்சம் டன், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதே ஆண்டு தில்லியின் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், ஏழை நாட்டு உழவனின் மீத்தேனையும் பணக்கார நாட்டுக் காரின் புகையையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்று எழுதினார்கள். இவர்களில் யாரும் பூமி சூடாகவில்லை என்று சொல்லவில்லை. காங்கேயம் மாட்டைக் குறை சொல்கிறார்களே என்று கொதிப்பவரிடம் இதைச் சொல்லுங்கள், அவருடைய கோபத்துக்கு அறிவியலுக்குள்ளேயே இடம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

சந்தேகப்பட்டே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. உலகப் பருவநிலையைக் கணினியில் கணக்கிடும் மாதிரிகள் பூமியைச் சுமார் 100 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் கொட்டும் வால்பாறை மலைப்பக்கமும், அதில் கால்வாசியே காணும் பல்லடமும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடக்கூடும். ஆகவே "2050-ல் காங்கேயத்தில் மழை இத்தனை சதம் குறையும்" என்று ஒற்றை எண்ணைச் சொல்பவரிடம், எத்தனை மாதிரிகள், அவற்றுக்குள் வித்தியாசம் எவ்வளவு, சிறு கட்டத்துக்கு எப்படி இறக்கினீர்கள் என்று கேளுங்கள். வெப்பம் கூடும் என்பதில் மாதிரிகள் ஒரே திசையில் நிற்கின்றன. ஒரு வட்டாரத்தின் மழையில் அப்படி நிற்பதில்லை. இந்தியாவின் சராசரி வெப்பம் 1901 முதல் 2018 வரை சுமார் 0.7 டிகிரி கூடியதாகவும், தென்மேற்குப் பருவமழை 1951 முதல் 2015 வரை சுமார் 6 சதம் குறைந்ததாகவும் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 மதிப்பீடு சொல்கிறது. இனி மழை கூடலாம் என்றும் அதே மதிப்பீடு சொல்கிறது. முரண்பாடு போலத் தோன்றும் இதற்குக் காரணம் உண்டு. புகைத் தூசு வெயிலை மறைத்து மழையைக் குறைத்தது, சூடேறிய காற்றோ ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 7 சதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். இரண்டும் எதிரெதிராக இழுக்கின்றன.

கார்பன் கிரெடிட் ஒப்பந்தம் கொண்டு வருபவரிடம் கேட்பவை வேறு. எத்தனை வருடக் கட்டு, மரத்தை அளப்பது யார், சரிபார்க்கும் செலவு யாருடையது, மரம் பட்டுப்போனால் வாங்கிய பணம் திரும்பப் போகுமா? இதற்கு எழுத்தில் பதில் இல்லாவிட்டால் கையெழுத்து வேண்டாம்.

ஊரில் பேசும்போது 2100-ஐயும் துருவக் கரடியையும் எடுக்க வேண்டாம். "நூத்துக்குத் தொண்ணூத்தேழு விஞ்ஞானி ஒத்துக்கறாங்க" என்றும் தொடங்க வேண்டாம், அது ஓட்டெடுப்பு மாதிரிக் கேட்கும். பள்ளிக் கண்காட்சியில் செய்வார்களே, இரண்டு பாட்டிலில் ஒன்றில் கரியமில வாயு நிரப்பி பல்பு வெளிச்சத்தில் வைப்பது, அதையும் தவிர்க்கலாம். அதில் தெரியும் சூட்டு வித்தியாசம் பெரும்பாலும் அந்த வாயு கனமாக இருப்பதால் காற்றோடு கலந்து ஆறாததால் வருவது. விவரம் தெரிந்த ஒருவர் அதைச் சுட்டிக்காட்டினால் நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளும் சேர்ந்து விழும். "1998-லிருந்து சூடு கூடவே இல்லை" போன்ற வீடியோவைக் காட்டினால், தொடங்கும் வருடத்தைப் பாருங்கள். 1998 எல் நினோவால் துருத்திக்கொண்டு நின்ற வருடம், அங்கிருந்து சில வருடத்துக்கு மட்டும் கோடு போட்டால் தட்டையாகத்தான் தெரியும். 30 வருடக் கோடு கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட, சந்தேகப்படுபவர் கையில் ஒரு மழைமானியைக் கொடுப்பது நல்லது. 11.3 செ.மீ. வாய் விட்டமுள்ள புனல் ஒன்று, அதன் அடியில் 5 லிட்டர் கேன். அந்த வாயின் பரப்பு 100 சதுர செ.மீ., ஆகவே கேனில் சேரும் ஒவ்வொரு 10 மி.லி.யும் 1 மி.மீ. மழை. மருந்து ஊசிக் குழாயாலேயே அளந்துவிடலாம். ஏக்கர் கணக்கில் 1 மி.மீ. என்பது சுமார் 4,000 லிட்டர், "ஒரு உழவு மழை" என்று வாயால் சொல்வது அவருடைய மண்ணில் எத்தனை மி.மீ. என்பதும் சில மழையிலேயே பிடிபட்டுவிடும். புனலின் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், சாயாமல் மட்டமாக இருக்கட்டும். பக்கத்துச் சுவர், மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். 60 அடித் தென்னை என்றால் 120 அடி. மொட்டை மாடி வேண்டாம், சுவரில் மோதி எழும் காற்று துளியைத் தள்ளிவிடும், அளவு குறைந்து காட்டும். புனலில் இலை அடைத்தால் தண்ணீர் நின்று ஆவியாகும், ஆகவே தினமும் பார்க்க வேண்டும். தினமும் காலை 8.30-க்கு எடுத்தால் அரசு மழைமானியின் எண்ணோடு ஒப்பிடலாம்.

பக்கத்தில் நிழலில், நான்கு அடி உயரத்தில், தகரக் கூரையும் சிமெண்ட் சுவரும் ஒட்டாமல் உச்ச-குறைந்த அளவு காட்டும் தெர்மாமீட்டர் ஒன்றும் தொங்கலாம். பகலின் உச்ச அளவோடு ராத்திரியின் குறைந்த அளவையும் கவனமாக எழுதச் சொல்லுங்கள். கம்பளி கனத்தால் அது ராத்திரியிலும் தெரியும். ஐந்து வருடத்தில் இதிலிருந்து பருவநிலை பற்றி எதையும் முடிவு கட்ட முடியாது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆனால் "ஓரிரு இடங்களில்" என்பது எத்தனை முறை தன் காட்டுக்கு வந்தது, எத்தனை முறை அடுத்த ஊரோடு போனது என்று அவரே கணக்குச் சொல்வார். மழை இல்லாத நாளுக்கும் 0 என்று எழுத வேண்டும். வெறுமனே விட்ட நாள், பெய்யாத நாளா பார்க்காத நாளா என்று பிறகு யாருக்கும் தெரியாது.